டர்பனில் கூட்டுத் தோட்டம்: விதைக்கு முன்னால் வாங்க வேண்டிய காகிதம்

தமிழ்நாட்டிலிருந்து வந்து சில ஆண்டுகளாகத் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் வசிக்கும் ஒரு சகோதரியின் கேள்விக்குப் பதில் இது. சாட்ஸ்வொர்த்தில் அவர் வீட்டுக்குப் பக்கத்துக் கோயிலின் பின்புறம் அரை ஏக்கர் போலச் சரிவு நிலம் புல் மண்டிக் கிடக்கிறது. அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் பத்துப் பதினைந்து சேர்ந்து, ஆளுக்குக் கொஞ்சம் பாத்தி பிரித்துக்கொண்டு காய்கறி போடலாமா என்று கேட்கிறார். எங்கே தொடங்குவது, எந்த மாதம் எதை விதைப்பது, ஊரில் சொல்லும் ஆடிப்பட்டம் இங்கே பொருந்துமா என்பதும் அவர் கேள்வியில் உண்டு.

தாராளமாகப் போடலாம். ஆனால் மண்வெட்டியைத் தொடுவதற்கு முன்னால், அந்த நிலத்தை உங்கள் குழு எத்தனை ஆண்டு பயன்படுத்தலாம் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். விதை, உரம், தண்ணீர் எல்லாம் அதற்கு அடுத்தபடிதான். இந்த ஊரில் நம் ஆட்கள் தோட்டம் போட்ட வரலாற்றைத் தெரிந்துகொண்டால் நான் ஏன் இப்படி வற்புறுத்துகிறேன் என்பது புரியும்.

1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ கப்பல் டர்பனுக்கு வந்து சேர்ந்தது. அதிலிருந்து 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக, டர்பன் இருக்கும் நேட்டாலுக்கு வந்தவர்கள் 1,52,000 பேருக்கு மேல். அவர்களில் பெரும்பாலோர் சென்னைத் துறைமுகத்தில் கப்பல் ஏறியவர்கள். ஐந்து ஆண்டு ஒப்பந்தம் முடிந்ததும் பலர் கரும்புக் காட்டை விட்டு வெளியே வந்து, உம்கேனி ஆற்றங்கரை, ஸ்பிரிங்ஃபீல்ட், கேட்டோ மேனர், கிளேர்வுட் என்று நகரத்தைச் சுற்றியிருந்த தாழ்நிலத்தையும் சரிவையும் குத்தகைக்கு எடுத்துக் காய்கறி போட்டார்கள். 1880களிலேயே டர்பன் நகரத்துச் சமையலறைகளுக்குக் காய்கறி இவர்களிடமிருந்துதான் போனது. பெண்கள் கூடையில் சுமந்து வீடு வீடாக விற்றார்கள். நகரத்துக்கு அவ்வளவு தூரம் சோறு போட்ட இவர்களில் பெரும்பாலோருக்கு நிலம் சொந்தமில்லை. குறுகிய காலக் குத்தகை, அல்லது வாய்வார்த்தை.

1917 அக்டோபரில் உம்கேனி பெருகி ஸ்பிரிங்ஃபீல்ட் தாழ்நிலத்தை அடித்துக்கொண்டு போனது. படவட்டான் ஆறு பேர் என்று இன்றைக்கும் நம் பெரியவர்கள் பெருமையோடு சொல்லும் மீனவர்கள் படகை இறக்கி 170க்கும் மேற்பட்ட உயிர்களைக் கரை சேர்த்தது அந்த வெள்ளத்தில்தான். பத்திரமான மேட்டு நிலம் கிடைக்காதவர்கள்தான் ஆற்றுப் படுகையில் தோட்டம் போட்டுக் குடியிருந்தார்கள். பிறகு 1950இல், எந்த இனத்தவர் எங்கே குடியிருக்கலாம் என்று பிரித்த குழுப் பகுதிச் சட்டம் வந்தது. கேட்டோ மேனரை 1958இல் வெள்ளையர் பகுதியாக அறிவித்தார்கள். வீடும் தோட்டமும் போனவர்களை 1960களில் சாட்ஸ்வொர்த்துக்குக் கொண்டுவந்து குடியேற்றினார்கள். நீங்கள் இன்று குடியிருக்கும் இந்தச் சரிவுகளிலேயே அதற்கு முன்னால் இந்தியர்களின் வாழைத் தோட்டங்கள் இருந்தன. அவற்றையும் எடுத்துக்கொண்டுதான் டவுன்ஷிப் கட்டினார்கள். ஆண்டுக்கணக்கில் எரு போட்டுப் பதமாக்கிய மண்ணைக் கையில் அள்ளிக்கொண்டு போக முடியாது. அதனால்தான் காகிதம் முதலில் என்கிறேன்.

சரி, அந்தக் காகிதம் யாரிடம்? நிலம் கோயிலுடையதுதானா என்பதை முதலில் உறுதி செய்யுங்கள். கோயில் வேலிக்குள் இருப்பதெல்லாம் கோயில் நிலம் என்று நினைத்துவிடக் கூடாது. கழிவுநீர்க் குழாயோ மின்கம்பியோ போகும் பாதையாக இருந்தால் அங்கே நகராட்சிக்கு உரிமை உண்டு. கோயில் நிலம்தான் என்றால் அறங்காவலர் குழுக் கூட்டத்தில் தீர்மானமாக நிறைவேற்றி, கடிதமாக வாங்குங்கள். தலைவர் நல்லவர், வாய்ச்சொல் போதும் என்று விட்டுவிட வேண்டாம். அடுத்த தேர்தலில் தலைவர் மாறுவார். கடிதத்தில் நிலத்தின் எல்லை, குறைந்தது மூன்று ஆண்டு காலம், தண்ணீர்க் கட்டணம் யார் பொறுப்பு, நிலத்தைத் திருப்பிக் கேட்டால் நிற்கும் பயிரை அறுவடை செய்ய எவ்வளவு அவகாசம் ஆகியவை இருக்க வேண்டும். அவகாசம் ஆறு மாதமாவது கேளுங்கள். சேப்பங்கிழங்கும் மஞ்சளும் நிலத்தில் இருக்கும் காலம் அதற்கும் கூடுதலாகவே ஆகும்.

நகராட்சி நிலமாக இருந்தால் உங்கள் வார்டு கவுன்சிலர் வழியாக டர்பனின் ஈதெக்வினி நகராட்சிக்கு விண்ணப்பம் போக வேண்டும். மாதங்கள் ஆகும், விடாமல் பின்தொடர வேண்டும். பள்ளிக்கூட நிலம் இன்னொரு நல்ல வழி. அங்கே பள்ளி நிர்வாகக் குழுவே அனுமதி தரலாம், சுற்றுவேலியும் குழாயும் பெரும்பாலும் இருக்கும். ஜோகன்னஸ்பர்க்கில் பெர்ட்ராம்ஸிலும் கேப் டவுனில் ஒரான்யசிக்ட்டிலும் கைவிடப்பட்ட பவுலிங் மைதானங்களைக் காய்கறித் தோட்டமாக மாற்றியிருக்கிறார்கள். சமதளம், தண்ணீர் இணைப்பு, வேலி மூன்றும் ஏற்கெனவே அமைந்த இடங்கள் அவை. கேப் டவுனின் கயலிட்ஷாவில் சியசாமா தோட்டக்காரர்கள் 1997 முதல் உயரழுத்த மின்கம்பிகளுக்குக் கீழே இருக்கும் வெற்று நிலத்தில் ஆளுக்கொரு பங்காகப் பயிர் செய்கிறார்கள். வீடு கட்ட முடியாத நிலம் என்பதால் யாரும் போட்டிக்கு வருவதில்லை. அங்கே மரம் மட்டும் வைக்க முடியாது. உங்கள் நிலத்தின் மேலும் கம்பி போனால் முருங்கையும் மாவும் கிடையாது என்று இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள்.

அடுத்தது பங்கீடு. எல்லாம் பொது, எல்லோரும் சேர்ந்து உழைத்து எல்லோரும் எடுத்துக்கொள்வோம் என்று தொடங்கும் தோட்டங்கள் முதல் அறுவடையிலேயே மனக்கசப்பில் முடிவதைப் பார்த்திருக்கிறேன். வாரம் தவறாமல் வந்தவர் ஒரு முட்டைக்கோஸ் எடுப்பார், எப்போதாவது வந்தவர் நான்கு எடுப்பார். 1910இல் ஜோகன்னஸ்பர்க் அருகே நண்பர் கலன்பாக் கொடுத்த 1,100 ஏக்கரில் காந்தி டால்ஸ்டாய் பண்ணை நடத்தினார். அங்கே சத்தியாக்கிரகத்தில் சிறை சென்றவர்களின் தமிழ்க் குடும்பங்கள் பொதுவாகத்தான் உழைத்தன. ஆனால் அவர்களுக்கு ஒரே சமையலறை, ஒரே போராட்டம். நமக்குப் பதினைந்து சமையலறை. அதனால் குடும்பத்துக்கு 20 சதுர மீட்டர் தனிப் பங்கு கொடுத்துவிடுங்கள். நாலு பேர் உள்ள வீட்டுக்குக் கீரை, மிளகாய், கொத்தமல்லி, ஒன்றிரண்டு காய்க்கு அது போதும். குப்பை மக்கவைக்கும் இடம், தண்ணீர்த் தொட்டி, கருவிகள், வேலி, மரங்கள் மட்டும் பொதுவில் இருக்கட்டும். மாதத்தில் ஒரு சனிக்கிழமை பொதுவேலை. இரண்டு மாதம் கவனிக்காத பங்கு, காத்திருப்போர் பட்டியலில் அடுத்தவருக்குப் போகும் என்று முதல் நாளிலேயே எழுதி எல்லோரிடமும் கையெழுத்து வாங்குங்கள். இந்த விதியை நட்பு கருதித் தளர்த்தவே கூடாது. புல் மண்டிய ஒரு பங்கு பக்கத்துப் பங்குகளுக்குப் பூச்சியும் களையும் அனுப்பிக்கொண்டே இருக்கும். கூட்டுறவாகப் பதிவு செய்யச் சட்டப்படி ஐந்து பேர் போதும். ஆனால் முதல் ஆண்டு அது வேண்டாம். வங்கிக் கணக்கும் மானிய விண்ணப்பமும் தேவைப்படும்போது செய்துகொள்ளலாம்.

மண்ணைப் பொறுத்தவரை டர்பனில் இடத்துக்கு இடம் வித்தியாசம். பெரியா என்ற மேட்டுப் பகுதியில் சிவப்பு மணல். ஊற்றிய தண்ணீரும் போட்ட உரமும் கீழே இறங்கிவிடும். சாட்ஸ்வொர்த் சரிவுகளில் பல இடங்களில் களி கலந்த மண், அதிலும் வீடு கட்டும்போது மேல்மண்ணை வழித்துத் தள்ளிய இடங்கள் ஏராளம். எதுவானாலும் பத்துப் பன்னிரண்டு இடங்களில் 15 செ.மீ. ஆழத்துக்கு மண் எடுத்து ஒன்றாகக் கலந்து, மாகாண வேளாண்மைத் துறையின் சீடாரா ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். நம் பகுதி மண் பெரும்பாலும் புளிப்பு, அதாவது அமிலத்தன்மை உள்ளது. சுண்ணாம்பு எவ்வளவு போட வேண்டும் என்பதை அந்த அறிக்கையைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். மெர்பேங்க், வென்ட்வொர்த் பக்கம் தோட்டம் போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: பல்லாண்டு எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளுக்கு அருகில் இருந்த மண் அது. ஈயம் முதலான உலோகங்களுக்குத் தனியாகச் சோதனை செய்யாமல் கீரை போட வேண்டாம். வெளியிலிருந்து நல்ல மண் கொண்டுவந்து உயர்த்திய பாத்தியில் பயிர் செய்வது பாதுகாப்பு.

சரிவு நிலத்தில் பாத்தியை மேலிருந்து கீழாக ஓட்டினால் ஒரே மழைக்கு மண் முழுக்கச் சாலைக்குப் போய்விடும். 2022 ஏப்ரலில் சில இடங்களில் ஒரே நாளில் 300 மி.மீ.க்கும் மேல் கொட்டியது, டர்பனிலும் சுற்றிலும் 400க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதன் பிறகு சரிவில் மண் வெட்டும் யாரும் அலட்சியமாக இருக்க முடியாது. சரிவுக்குக் குறுக்கே, சமமட்டக் கோட்டில் பாத்தி போடுங்கள், அகலம் 1.2 மீட்டருக்குள் இருந்தால் இரண்டு பக்கமும் நின்று கை எட்டும். பாத்தி வரிசைகளுக்கு இடையே வெட்டிவேர் நடுங்கள். நேட்டால் கரும்புக்காரர்கள் மண் அரிப்பைத் தடுக்க இதைப் பயன்படுத்தியிருக்கிறார்கள், நம் ஆட்களுக்கு வாசனைக்காகவும் வேண்டும். வேர் நேராகக் கீழே இறங்குவதால் பக்கத்துப் பயிரோடு சண்டைக்கு வராது.

தண்ணீருக்குக் கோயில் மண்டபத்தின் கூரையைப் பாருங்கள். 200 சதுர மீட்டர் கூரையில் 10 மி.மீ. மழை பெய்தால் 2,000 லிட்டர். வழியில் வீணாவது போக 1,600 லிட்டராவது தொட்டிக்கு வரும். 5,000 லிட்டர் ஜோஜோ டேங்க் மூன்று நல்ல மழையில் ஏறக்குறைய நிரம்பிவிடும். ஆனால் டர்பனில் ஆண்டுக்குச் சுமார் 1,000 மி.மீ. மழை பெய்தாலும் பெரும்பகுதி அக்டோபர் முதல் மார்ச்சுக்குள் வந்துவிடும். ஜூன், ஜூலையில் தொட்டி காலியாகத்தான் இருக்கும், குழாய்த் தண்ணீர் வேண்டும். பக்கத்து ஓடையிலிருந்து வாளியில் மொண்டு ஊற்றும் யோசனை யாருக்காவது வந்தால் தடுத்துவிடுங்கள். 2022 வெள்ளத்தில் கழிவுநீர் நிலையங்களும் குழாய்களும் உடைந்தன, அதன் பிறகு ஆறுகளில் கழிவு கலப்பது பெரிய பிரச்சினையாகிவிட்டது. பச்சையாகச் சாப்பிடும் கொத்தமல்லிக்கு அந்தத் தண்ணீர் ஆகவே ஆகாது.

இனி ஆடிப்பட்டம். 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்பது தென்மேற்குப் பருவமழையையும் காவிரியில் வரும் புதுவெள்ளத்தையும் பார்த்துச் சொன்னது. இங்கே ஆடி வறண்ட குளிர்காலத்தின் நடுவில் வருகிறது. அந்த மாதத்தில் வெண்டையும் பாகலும் விதைத்தால் முளைக்காமல் மண்ணுக்குள்ளேயே அழுகும். அதற்காகக் குளிர்காலத்தில் நிலத்தைச் சும்மா போட வேண்டியதில்லை. டர்பன் கடற்கரைப் பகுதியில் உறைபனி விழுவதில்லை என்பதால், உண்மையில் இங்கே காய்கறிக்கு மிகச் சிறந்த காலம் குளிர்காலம்தான். தமிழ்நாட்டில் ஊட்டியிலிருந்து வரும் காய்கள் எல்லாம் இங்கே வீட்டு வாசலில் விளையும்.

ஆண்டை இரண்டு பட்டமாக வைத்துக்கொள்ளுங்கள். பங்குனி, சித்திரை, வைகாசியில், அதாவது மார்ச் பாதியிலிருந்து ஜூன் பாதி வரை, முட்டைக்கோஸ், காலிஃபிளவர், கேரட், பீட்ரூட், பட்டாணி, பூண்டு, வெந்தயம், கொத்தமல்லி. தக்காளியையும் இந்தப் பட்டத்தில் நடுங்கள். கோடையின் ஈர வெக்கையில் இலைக்கருகல் அதை விடாது. கொத்தமல்லி கோடையில் இலை விடும் முன்பே பூத்துவிடும். ஆவணிக் கடைசியிலிருந்து ஐப்பசி வரை, முதல் மழைகளைப் பார்த்து, வெண்டை, பாகல், சுரை, பீர்க்கு, புடலை, பூசணி, கத்தரி, மிளகாய், மக்காச்சோளம், இஞ்சி, மஞ்சள், சேப்பங்கிழங்கு. முளைக்கீரையும் தண்டுக்கீரையும் ஆகஸ்ட் முதல் ஏப்ரல் வரை மூன்று வாரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிக்கொண்டே வந்தால் வீட்டில் கீரை இல்லாத வாரமே இருக்காது.

இதற்கு மேல் நம் வீட்டு நாட்காட்டியையும் சேர்த்துப் பாருங்கள். இங்கே புரட்டாசி விரதத்தை எவ்வளவு பேர் எவ்வளவு கண்டிப்பாகப் பிடிக்கிறார்கள் என்பது தமிழ்நாட்டிலிருந்து வரும் பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். அந்த மாதம் முழுவதும் இறைச்சி நின்றுபோவதால் காய்கறிக்குத் தேவை கூடும். செப்டம்பர் நடுவில் காய் கையில் இருக்க வேண்டுமானால் முட்டைக்கோஸ் நாற்றை ஜூன் முதல் வாரத்தில் நட வேண்டும், பீன்ஸை ஜூலைக் கடைசியில் ஊன்ற வேண்டும், கீரையை ஆகஸ்ட் தொடக்கத்தில் தூவ வேண்டும். அக்டோபர் நடுவில் போட்ட மக்காச்சோளம் தைப்பொங்கலுக்குப் பச்சைக் கதிராக இருக்கும். செப்டம்பரில் நட்ட மஞ்சளில் அப்போது கிழங்கு பருத்திருக்காது என்றாலும், பொங்கல் பானையில் கட்டுவதற்கு இலையோடு கூடிய பசுங்கொத்து கிடைக்கும். ஏப்ரலுக்கு மேல் தோண்டிய சேப்பங்கிழங்கும் முற்றிய பூசணியும் காற்றோட்டமான இடத்தில் ஆடி மாதம் வரை தாங்கும், கோயிலில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும் நாள் சமையலுக்கு அப்படியே கொடுக்கலாம். கோயில் குழுவிடம் அனுமதி கேட்கப் போகும்போது இதைச் சொல்லுங்கள். நிலம் தருகிறவர்களுக்கு அந்த நிலத்திலிருந்து ஏதாவது வருவது நியாயம்.

குரங்கைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் முதல் தக்காளி சிவக்கும் அன்றே கேட்பீர்கள். டர்பனின் வெர்வெட் குரங்குகள் கூட்டமாக வந்து அரை மணி நேரத்தில் மக்காச்சோளத்தையும் தக்காளியையும் வாழைத்தாரையும் முடித்துவிடும். நம்மவர்கள் பலருக்கு அவற்றை விரட்டவும் மனம் வராது. முழுத் தோட்டத்துக்கும் வலை போடுவது செலவு. குரங்குக்குப் பிடித்த பயிர்களை ஒரே இடத்தில் சேர்த்து அதற்கு மட்டும் வலைக்கூண்டு போடுங்கள். வெளிப்பாத்திகளில் மிளகாய், பாகல், இஞ்சி, மஞ்சள், கறிவேப்பிலை, சேப்பங்கிழங்கு வையுங்கள். சேம்பின் பச்சைக் கிழங்கு வாயை அரிக்கும் என்பது குரங்குக்கும் தெரியும்.

பூச்சிகளில் இரண்டு பழைய கைப்பக்குவத்துக்கு அடங்காதவை: 2016இல் நாட்டுக்குள் வந்த தக்காளி ஊசிப்புழுவும் 2017இல் வந்த படைப்புழுவும். தக்காளி இலையில் வெள்ளைச் சுரங்கம் தெரிந்ததும் அந்த இலையைக் கிள்ளிப் பையில் கட்டி வெயிலில் போடுங்கள். மக்கும் குப்பையில் போட வேண்டாம். மணல் நிலத்தில் வேர்முடிச்சுப் புழு அதிகம். தக்காளியும் கத்தரியும் நின்ற பாத்தியில் அடுத்த பட்டத்துக்குத் துலுக்கச் சாமந்தியை நெருக்கமாகப் போட்டால் புழு குறையும், மாலைக்குப் பூவும் ஆச்சு.

இப்போது நான் மிகவும் முக்கியமாக நினைக்கும் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கேள்வியில் 'அக்கம்பக்கத்துக் குடும்பங்கள்' என்று இருக்கிறது. அதில் சரிவுக்குக் கீழே குடியிருக்கும் ஜூலு குடும்பங்களும் உண்டா? 2021 ஜூலைக் கலவரத்தில் கடைகள் எரிந்து, ரொட்டிக்கும் பாலுக்கும் நாட்கணக்கில் வரிசையில் நின்றோம். ஃபீனிக்ஸிலும் வேறு பகுதிகளிலும் அக்கம்பக்கத்து மனிதர்களே ஒருவரையொருவர் பயந்து பார்த்தார்கள், உயிர்களும் போயின. அந்தக் காயம் இன்னும் முழுதாக ஆறவில்லை. வேலி போட்ட பிறகு அவர்களை அழைத்தால் அது விருந்தாளி அழைப்பு. முதல் கூட்டத்துக்கே அழைத்து, பங்கும் குழுவில் இடமும் கொடுத்தால்தான் அது அவர்களுடைய தோட்டமும் ஆகும். பயிரிலேயே நமக்கும் அவர்களுக்கும் எவ்வளவு பொது என்று பாருங்கள். சேப்பங்கிழங்கு இங்கே மடும்பி, இரண்டு வீட்டுச் சமையலிலும் உண்டு. நாம் கடையும் முளைக்கீரையை அவர்கள் இம்பூயா என்று பறித்துச் சமைக்கிறார்கள். எந்த மடும்பி ஈர நிலத்துக்கு, எது மேட்டுக்கு, எந்தக் கிழங்கை அடுத்த பட்டத்துக்கு விதையாக எடுத்துவைப்பது என்பதில் அந்தப் பாட்டிகளுக்குத் தெரிந்த அளவு எந்த நாற்றுக்கடையிலும் தெரியாது.

விற்பனையை முதல் ஆண்டு யோசிக்க வேண்டாம். 20 சதுர மீட்டர்க்காரர் சாட்ஸ்வொர்த்தின் பங்களாதேஷ் மார்க்கெட்டிலோ வார்விக்கின் ஏர்லி மார்னிங் மார்க்கெட்டிலோ உருளைக்கிழங்கும் வெங்காயமும் கொண்டுபோய்ப் போட்டியிட முடியாது. அந்த ஏர்லி மார்னிங் மார்க்கெட்டையே 2009இல் இடித்து மால் கட்டப் பார்த்தார்கள். வியாபாரிகளும் பொதுமக்களும் எதிர்த்து நின்றதால் பிழைத்தது. அங்கே பிழைப்பு நடத்துகிறவர்களோடு போட்டி போடாமல், அங்கே சரியாகக் கிடைக்காததை விளைவியுங்கள்: பிஞ்சு முருங்கைக்காய், முருங்கைக்கீரை, அன்றே பறித்த கறிவேப்பிலை, பச்சை மஞ்சள், வெற்றிலை. கல்யாணத்துக்கும் பூசைக்கும் வாழை இலையும் வாழைக்கன்றும் எப்போதும் கேட்பார்கள், அதை விற்ற பணம் தண்ணீர்க் கட்டணத்துக்கும் வேலிக்கும் ஆகும். வாழையைப் பொதுப் பயிராகவே வையுங்கள், நிலத்தின் கீழ் ஓரத்தில், மழைநீர் வந்து தங்கும் இடத்தில். கன்றுக்குக் கன்று மூன்று மீட்டர் விடுங்கள்.